வழக்கறிஞர் அலுவலகத்தைத் தெரிந்து சேர்வோம்

சாரல் காலத்தில் குற்றாலத்துக்கு வர விரும்பும் வெளியூர் அன்பர்கள், "அருவியில் தண்ணீர் விழுகிறதா?" என்று தென்காசியில் தெரிந்த யாரிடமாவது விசாரித்துக்கொண்டுதான் புறப்படுகிறார்கள். ஒரு நாள் குளியலுக்கே இத்தனை விசாரணை! மகளை மணம் செய்து கொடுக்கும் முன் மாப்பிள்ளை வீட்டைப் பற்றி நான்கு பேரிடம் கேட்டறியாத பெற்றோரும் நம் பக்கத்தில் இல்லை. ஆனால், ஐந்தாண்டுகள் பாடுபட்டுச் சட்டம் படித்து முடித்த பெண், தன் தொழில் வாழ்வைத் தொடங்கும் அலுவலகத்தைப் பற்றி மட்டும் பெரும்பாலும் எதுவும் விசாரிக்காமலே போய்ச் சேர்ந்துவிடுகிறாள். "மாமாவுக்குத் தெரிந்த வக்கீல்" என்ற ஒரு சொல்லே பல வீடுகளில் போதுமானதாகி விடுகிறது.

அப்படிச் சேர்ந்த இடம் நல்ல இடமாக அமைந்துவிட்டால் அது இறைவன் அருள். அமையாவிட்டால்? காலையில் வழக்குக் கட்டுகளைச் சுமந்து செல்வது, நீதிமன்றத்தில் எழுந்து நின்று வாய்தா கேட்பது, மாலையில் வெறுங்கையுடன் வீடு திரும்புவது என்று இரண்டு மூன்று ஆண்டுகள் ஓடிவிடும். ஒரு சாட்சியைக்கூடக் குறுக்கு விசாரணை செய்யாமலே அவள் கறுப்பு அங்கியைக் கழற்றி வைத்துவிடுவாள். பிறகு, "சட்டம் பெண் பிள்ளைகளுக்கு ஒத்து வராது" என்று ஊரார் பேசுவார்கள். குறை அலுவலகத்தில் இருக்க, பழி பெண்மீது விழுகிறது.

திருவள்ளுவர் "தெரிந்து தெளிதல்" என்று ஓர் அதிகாரமே வகுத்திருக்கிறார். அரசன் தன் பணிக்கு உரியவரை எப்படி ஆராய்ந்து தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதை அது சொல்லுகிறது. பணி கொடுப்பவர் ஆராய்வது முறையானால், பணிக்குச் செல்பவரும் ஆராய்வது முறையே. அதற்கான வழிகளை இக்கட்டுரையில் காண்போம்.

நமக்கு முன்னே நடந்தவர்கள்

இந்தியாவில் பெண்கள் வழக்கறிஞராகத் தொழில் செய்யலாம் என்பதைச் சந்தேகத்துக்கு இடமின்றிச் சட்டமாக்கியது 1923-ஆம் ஆண்டில்தான். சென்னையில் 1929-இல் பி. ஆனந்தபாய் அம்மையார் வழக்கறிஞராகப் பதிவு செய்துகொண்டார்.

நம் செங்கோட்டையில் ரயில் ஏறினால் மலையைக் கடந்து கொல்லம் போய்ச் சேரலாம். அந்தக் கொல்லத்து நீதிமன்றங்களில் 1950-இல் ஓர் இளம்பெண் வழக்கறிஞராகத் தொழிலைத் தொடங்கினார். 1958-இல் முன்சீப் ஆனார். 1983-இல் கேரள உயர்நீதிமன்ற நீதிபதியானார். 1989-இல் இந்திய உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியானார். பின்னர் 1997 முதல் 2001 வரை நம் தமிழ்நாட்டின் ஆளுநராகவும் விளங்கினார். அவரே பாத்திமா பீவி அம்மையார். பெரிய நகரத்தில் தொடங்கினால்தான் உயர முடியும் என்பதில்லை என்பதற்கு அவர் வாழ்க்கையே சான்று.

இன்று நமக்கு வாய்ப்புகள் அருகில் வந்துவிட்டன. திருநெல்வேலி அரசு சட்டக் கல்லூரி 1996-இல் தொடங்கப்பட்டது. சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2004 ஜூலையில் திறக்கப்பட்டது. தென்காசி தனி மாவட்டமானது 2019 நவம்பரில். ஆகவே, உள்ளே நுழைய வாயில் உண்டா என்பது இன்று கேள்வி இல்லை. எந்த வாயிலில் நுழைவது என்பதே கேள்வி.

முதலில் நம்மை நாமே கேட்போம்

சட்டத் தொழிலில் அலுவலகங்கள் பெரும்பாலும் இரு வகைப்படும். ஒன்று, நம் ஊர்களில் நாம் காணும் வக்கீல் ஆபீஸ். அங்கே ஒரு சீனியர், இரண்டு மூன்று ஜூனியர்கள், ஒரு குமாஸ்தா இருப்பார்கள். சொத்து வழக்கு, பாகப் பிரிவினை, குற்ற வழக்கு, விபத்து இழப்பீடு, குடும்ப வழக்கு என்று எல்லாமே வரும். நீதிமன்றமே அங்கு வகுப்பறை.

மற்றொன்று, சென்னை, பெங்களூரு, மும்பை, டில்லி போன்ற நகரங்களில் உள்ள சட்ட நிறுவனம். வழக்கறிஞர்கள் பலர் பங்காளிகளாகச் சேர்ந்து நடத்துவது அது. கம்பெனிகளின் ஒப்பந்தங்கள், வங்கிக் கடன் பத்திரங்கள், வரி, காப்புரிமை ஆகியவை அங்கு மிகுதி. அங்கே பணிபுரிபவர் பல மாதங்கள் நீதிமன்றப் படியையே மிதிக்காமல் இருக்கலாம்.

இவற்றில் ஒன்று உயர்ந்தது, மற்றது தாழ்ந்தது என்பதில்லை. எழுந்து நின்று வாதாட ஆசைப்படும் பெண் ஒப்பந்தம் எழுதும் மேசையில் வாடிப்போவாள். பொறுமையாக எழுதி ஆராயும் இயல்புடையவள் நீதிமன்றச் சந்தடியில் திணறுவாள். எனவே, நமக்கு எது பொருந்தும் என்பதைத் தெளிந்த பின்னரே அலுவலகங்களின் பெயர்களை எழுதத் தொடங்க வேண்டும்.

விளம்பரம் செய்யக் கூடாத தொழில்

ஜவுளிக்கடையும் நகைக்கடையும் தம்மைப் பற்றித் தாமே பறைசாற்றிக் கொள்ளலாம். வழக்கறிஞர் அவ்வாறு செய்யக் கூடாது. இந்திய வழக்கறிஞர் மன்றமான பார் கவுன்சிலின் விதிகள் அதைத் தடுக்கின்றன. 2008-இல் செய்த திருத்தத்தின்படி அவர்கள் இணையதளம் வைத்துக்கொள்ளலாம். ஆனால், பெயர், முகவரி, பதிவு எண், பதிவு செய்த நாள், கல்வித் தகுதி, எந்தத் துறையில் தொழில் செய்கிறார் என்பன போன்ற விவரங்களை மட்டுமே அதில் வெளியிடலாம்.

இதிலிருந்து நாம் இரு பாடங்கள் பெறலாம். முதலாவது, இணையதளத்தில் உள்ள பதிவு எண்ணையும் நாளையும் குறித்துக்கொள்வது. அந்த அலுவலகத்தில் எத்தனை ஆண்டு அனுபவம் உள்ளவர்கள் இருக்கிறார்கள் என்பது அதிலிருந்து தெரிந்துவிடும். இரண்டாவது, நட்சத்திரக் குறியிட்டு "சிறந்த வக்கீல்" என்று பட்டம் சூட்டும் வணிகத் தளங்களை நம்பாதிருப்பது. இத்தகைய தளங்களின் வழியே வழக்கறிஞர்கள் வேலை தேடுவதைத் தடுக்க நடவடிக்கை எடுக்குமாறு சென்னை உயர்நீதிமன்றம் 2024 ஜூலையில் பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. பெரிய நிறுவனங்களைத் தரவரிசைப்படுத்தும் வெளிநாட்டு வெளியீடுகளும் உண்டு. அவற்றுக்கு நிறுவனங்களே தம்மைப் பற்றிய விவரங்களைத் தயாரித்து அனுப்புகின்றன என்பதை நினைவில் வைத்துப் படிக்க வேண்டும்.

பெயரிலும் கவனம் தேவை. 1917-இல் மும்பையில் தோன்றிய அமர்சந்த் மங்கள்தாஸ் என்னும் புகழ்பெற்ற நிறுவனம் 2015-இல் இரண்டாகப் பிரிந்தது. இன்று சிரில் அமர்சந்த் மங்கள்தாஸ், சார்துல் அமர்சந்த் மங்கள்தாஸ் என்று இரு தனி நிறுவனங்கள் இயங்குகின்றன. ஒன்றுக்கு எழுதும் கடிதத்தில் மற்றதன் பெயரையோ வெற்றியையோ குறிப்பிட்டால், அக்கடிதம் எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

நீதிமன்றப் பதிவேடு பொய் சொல்லாது

விளம்பரம் இல்லையென்றால் எதை வைத்து அறிவது? மரத்தை அதன் கனியால் அறிய வேண்டும் என்பது நற்செய்தி நமக்குத் தந்த பாடம். வழக்கறிஞர் அலுவலகத்தின் கனி அது நடத்திய வழக்குகள். அவை ஊரறியக் கிடக்கின்றன.

மாவட்ட நீதிமன்றங்களின் வழக்கு விவரங்கள் "இ-கோர்ட்ஸ்" என்னும் அரசுத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மாநிலத்தையும் மாவட்டத்தையும் நீதிமன்றத்தையும் தேர்ந்தெடுத்து, வழக்கறிஞரின் பெயரையோ பதிவு எண்ணையோ கொடுத்தால், அவர் ஆஜராகும் வழக்குகளின் பட்டியல் வரும். ஒரே பெயரில் பலர் இருப்பார்கள். எனவே, பதிவு எண்ணைக் கொண்டு தேடுவதே நலம்.

பட்டியலில் ஒரு பத்து வழக்குகளை எடுத்துக்கொண்டு பின்வருவனவற்றைக் குறித்துக்கொள்ளலாம்.

1. வழக்குகள் எந்த வகையைச் சேர்ந்தவை? "எல்லாத் துறைகளும் பார்க்கிறோம்" என்று சொல்லும் அலுவலகத்தில் பத்தில் எட்டு காசோலை வழக்காகவே இருந்தால், அங்கே நாம் கற்கப்போவது காசோலைச் சட்டமே.

2. வழக்குகள் நகர்கின்றனவா? ஒவ்வொரு வாய்தாவிலும் நடந்தது என்ன என்ற குறிப்பு அங்கேயே இருக்கும். சாட்சி விசாரணையும் வாதமும் நடக்கும் வழக்குகள் இருந்தால் கற்க இடமுண்டு. ஒரு வழக்கு தள்ளிப்போனதை வைத்து யாரையும் குறைகூறலாகாது. அதற்குப் பல காரணங்கள் உண்டு. பத்தும் ஒரே போக்கில் தள்ளிப்போனால் மட்டும் யோசிக்க வேண்டும்.

3. உயர்நீதிமன்றத்தில் தீர்ப்பின் தொடக்கத்தில், மனுதாரருக்காக யார், எதிர்மனுதாரருக்காக யார் என்று வழக்கறிஞர் பெயர்கள் அச்சாகியிருக்கும். "இன்னாருக்காக இன்னார்" என்று இரு பெயர்கள் வந்தால், சீனியரின் சார்பில் வேறொருவர் எழுந்து பேசினார் என்று பொருள். அப்படிப் பேசியவர் ஜூனியரா, அவர்களில் பெண்கள் உண்டா என்று பார்க்க வேண்டும். ஜூனியரைப் பேசவிடும் அலுவலகமே ஜூனியரை வளர்க்கும் அலுவலகம்.

நம் ஊர்ச் சங்கதி ஒன்றையே பயிற்சியாக எடுத்துக்கொள்ளலாம். குற்றாலம் பகுதியில் தனியார் விடுதிகள் அருவி நீரின் இயற்கையான ஓட்டத்தைத் திருப்பிச் செயற்கை அருவிகள் அமைப்பதை எதிர்த்து, மதுரைக் கிளையில் 2022-இல் பொதுநல வழக்கு நடந்தது. அந்த உத்தரவைத் தேடி எடுத்துப் படித்தால், பொதுநல வழக்கு என்பது என்ன, அரசுக்காக யார் ஆஜராகிறார்கள், மனுதாரர் தரப்பில் யார் நிற்கிறார்கள் என்பதெல்லாம் தெரியும். சுற்றுச்சூழல் சட்டத்தில் நாட்டம் உள்ள பெண்ணுக்கு, எந்த அலுவலகங்களைத் தேடிப் போக வேண்டும் என்பதும் புலப்படத் தொடங்கும்.

ஓர் எச்சரிக்கை. வழக்குப் பதிவேட்டில் நாம் தேடுவது வழக்கறிஞரின் தொழிலைப் பற்றி. அதில் கண்ணில் படும் கட்சிக்காரர்களின் குடும்பச் செய்திகளை வெளியே பேசுவது பாவம். வாயடக்கம் இந்தத் தொழிலின் முதல் ஒழுக்கம்.

ஒப்பந்த வேலையே செய்யும் நகர நிறுவனங்களை நீதிமன்றப் பதிவேட்டில் காண முடியாது. அந்நிறுவனம் வரையறுத்த பொறுப்புக் கூட்டாண்மையாகப் பதிவு பெற்றிருந்தால், மத்திய அரசின் கம்பெனி விவகார அமைச்சகத் தளத்தில் அதன் பங்காளிகள் பெயரையும் தொடங்கிய நாளையும் பார்க்கலாம். அதன் வழக்கறிஞர்கள் எழுதிய சட்டக் கட்டுரைகளையும் படிக்கலாம். எழுத்தில் தெளிவு இருக்கும் இடத்தில் எழுதப் பழகவும் முடியும்.

கண்ணால் கண்டும் காதால் கேட்டும்

நம் நாட்டு நீதிமன்றங்கள் திறந்த நீதிமன்றங்கள். கதவை மூடி விசாரிக்க வேண்டிய சில வழக்குகள் தவிர, மற்றவற்றைப் பொதுமக்கள் யாரும் உட்கார்ந்து கேட்கலாம். அடக்கமான உடையுடன், கைப்பேசியை அணைத்துவிட்டு, தென்காசி நீதிமன்றத்தில் ஒரு முற்பகல் பின்வரிசையில் அமர்ந்தாலே பல செய்திகள் தெரியவரும். எந்தச் சீனியர் ஆயத்தமாக வருகிறார், எவர் தம் ஜூனியரைப் பலர் முன்னிலையில் சினந்து பேசுகிறார், எவர் தம் கட்டை ஜூனியர் கையில் கொடுத்து, "நீயே பேசம்மா" என்று ஊக்குகிறார் என்பதெல்லாம் வேறு எங்கும் எழுதியிராது.

இதைவிடச் சிறந்த வழி பயிற்சிக் காலம். பார் கவுன்சில் விதிப்படி ஐந்தாண்டுச் சட்டப் படிப்பில் 20 வாரமும், மூன்றாண்டுப் படிப்பில் 12 வாரமும் மாணவர்கள் வெளியே பயிற்சி பெற வேண்டும். ஓர் ஆண்டில் தொடர்ச்சியாக நான்கு வாரத்துக்கு மேல் கூடாது. ஆகையால், ஒவ்வோர் ஆண்டும் ஒவ்வோர் இடத்துக்குப் போக வழியுண்டு. ஓராண்டு தென்காசியில், ஓராண்டு மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில், ஓராண்டு மதுரையில், ஓராண்டு சென்னை நிறுவனத்தில் என்று திட்டமிட்டால், படிப்பு முடியும்போது நான்கு இடங்களை உள்ளிருந்து பார்த்திருப்போம். பயிற்சியைச் சான்றிதழுக்காக மட்டும் முடிக்கும் மாணவி இந்த அரிய வாய்ப்பை இழக்கிறாள்.

பிறகு, கேட்டறிதல். சீனியரைப் பற்றி அவருடைய நண்பர்களிடம் கேட்பதால் பயனில்லை. அங்கே வேலை பார்த்துவிட்டு விலகிய ஜூனியர்களைக் கேட்க வேண்டும். சிறப்பாகப் பெண்களைக் கேட்க வேண்டும். ஒருவர் சொல்வது கசப்பாக இருக்கலாம். மூவர் ஒன்றையே சொன்னால் அது செய்தி. கேட்க வேண்டியவை இவை:

சேர்ந்த எத்தனையாவது மாதத்தில் தனியாக ஒரு மனு எழுதினீர்கள்? வக்காலத்தில் உங்கள் பெயரும் சேர்க்கப்பட்டதா? மாதப் பணம் சொன்ன தேதியில் வந்ததா? மாலை எத்தனை மணிக்கு வீடு திரும்பினீர்கள்? பெண்கள் அங்கே எத்தனை ஆண்டு நீடிக்கிறார்கள்? தனிக் கழிப்பறை உண்டா?

கடைசிக் கேள்வியைக் கேட்க நாணப்பட வேண்டியதில்லை. பெண்ணை ஓர் ஆளாக அந்த அலுவலகம் நினைத்துப் பார்த்திருக்கிறதா என்பது அந்த ஒரு விடையில் தெரிந்துவிடும்.

ஊதியமும் பாதுகாப்பும்

"வித்தை கற்க வந்த இடத்தில் பணம் கேட்கலாமா?" என்று சிலர் சொல்வதுண்டு. சென்னை உயர்நீதிமன்றம் அவ்வாறு கருதவில்லை. 2024 ஜூனில் வழங்கிய உத்தரவில், இளம் வழக்கறிஞர்களுக்குச் சென்னை, மதுரை, கோவை நகரங்களில் மாதம் 20,000 ரூபாயும், பிற ஊர்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்ச உதவித்தொகையாக வழங்குமாறு சுற்றறிக்கை அனுப்பும்படி தமிழ்நாடு பார் கவுன்சிலுக்கு அது கட்டளையிட்டது. அதே ஆண்டு அக்டோபரில் இந்திய பார் கவுன்சிலும் நகர்ப்புறங்களுக்கு 20,000, கிராமப்புறங்களுக்கு 15,000 என்று பரிந்துரைத்தது. எல்லா அலுவலகங்களும் இதைக் கொடுத்துவிடும் என்று எண்ணிவிடக் கூடாது. ஆனால், கேட்பது நம் பேராசை அன்று என்று துணிந்து கேட்கலாம். வசதியற்ற வீட்டுப் பெண் சம்பளமின்றி மூன்றாண்டு காத்திருக்க முடியாது. ஊதியம் இல்லாத தொழில் நாளடைவில் செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டுமே உரியதாகிவிடும்.

பாதுகாப்பைப் பற்றிப் பெற்றோர்கள் கவலைப்படுவது இயல்பே. 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்து அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் இடத்தில் பெண்களின் பாலியல் புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு இருக்க வேண்டும். அதன் தலைவர் பெண்ணாகவே இருக்க வேண்டும். பத்துப் பேருக்குக் குறைந்த சிறு அலுவலகமானால், மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் முறையிடலாம். சம்பளம் இல்லாத பயிற்சியாளருக்கும் இச்சட்டம் பொருந்தும். நேர்காணலின்போது, "இங்கே உள்ளகக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள்?" என்று பணிவுடன் கேட்கலாம். நல்ல அலுவலகம் உடனே பெயர் சொல்லும். கேட்டதற்கே முகம் சுளிக்கும் இடத்துக்கு நாம் போக வேண்டியதில்லை.

வேலை தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்கும் இடத்தையும் அந்தக் கணமே விலக்கிவிட வேண்டும்.

விண்ணப்பம் எழுதும் முறை

இத்தனை விசாரணையும் விண்ணப்பக் கடிதத்தில் பயன்பட வேண்டும். ஐம்பது அலுவலகங்களுக்கு ஒரே கடிதத்தின் நகலை அனுப்புவதைவிட, ஐந்து அலுவலகங்களுக்கு ஐந்து கடிதம் எழுதுவது மேல். "தங்கள் புகழ்பெற்ற அலுவலகத்தில் பணியாற்ற ஆவலாக உள்ளேன்" என்ற வரியில் செய்தி ஒன்றும் இல்லை. "தாங்கள் நில ஆர்ஜித வழக்குகளை மிகுதியாக நடத்துவதை அறிந்தேன். நான் விவசாயக் குடும்பத்தில் பிறந்து பட்டா, அடங்கல் ஆகியவற்றைப் படிக்கத் தெரிந்தவள், கல்லூரியிலும் நில ஆர்ஜிதச் சட்டத்தைச் சிறப்பாகப் பயின்றேன்" என்று எழுதினால், படிப்பவர் நிமிர்ந்து உட்காருவார். தமிழில் பிராது எழுதத் தெரிவதும், கிராமத்துச் சாட்சியிடம் அவர் பேச்சிலேயே பேசத் தெரிவதும் நம் பகுதிப் பெண்களுக்கு உள்ள செல்வங்கள். அவற்றைக் குறிப்பிட வெட்கப்படலாகாது.

சேவையே நோக்கமாக

வழக்கறிஞர்களின் பாதுகாவலர் புனித ஈவோ. பிரான்சு நாட்டின் பிரிட்டனியில் 1253-இல் பிறந்து சட்டம் கற்ற அக்குரு, ஏழைகளுக்காக வழக்காடியதால் ஏழைகளின் வழக்கறிஞர் என்று பெயர் பெற்றார். அவர் திருநாள் மே 19. நம் நாட்டிலும் 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பெண்கள் அனைவரும் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி பெற உரிமை உண்டு. ஆனால், அந்த உரிமையைப் பற்றி அறியாத தாய்மார்கள் எத்தனை பேர்! அவர்கள் கண்ணீருடன் வரும்போது, தைரியமாய்ப் பேசத் தெரிந்த ஒரு பெண் வழக்கறிஞர் தென்காசியில் இருக்க வேண்டும். செங்கோட்டையிலும் சங்கரன்கோவிலிலும் இருக்க வேண்டும்.

அந்தப் பெண் உருவாவது அவள் முதலில் சேரும் அலுவலகத்தில்தான். எனவே பெற்றோர்களே, மகளின் முதல் சீனியரைத் தேர்ந்தெடுக்கும்போது அவளோடு சேர்ந்து நீங்களும் விசாரியுங்கள். சகோதரிகளே, பட்டம் பெறும் வரை காத்திராமல், பயிற்சிக்குப் போகும் முதல் ஆண்டிலேயே ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு எழுதத் தொடங்குங்கள். கண்ட அலுவலகத்தையும், கேட்ட விடையையும், படித்த தீர்ப்பையும் நாளிட்டுக் குறித்து வையுங்கள். ஐந்தாம் ஆண்டில் அந்த நோட்டு உங்களுக்கு எந்தச் சிபாரிசுக் கடிதத்தையும்விட நல்ல துணையாக நிற்கும்.